ஐந்து வயது குறைந்த அசல்

டிசம்பர் பிறந்தால் எனக்கு ஒரு சிடுசிடுப்பு தொற்றிக்கொள்ளும். குளிர் காரணமில்லை, விடுமுறைக் கூட்டமும் காரணமில்லை. ஒரு பாட்டுதான் காரணம். லிஃப்டில் ஏறினால் அது ஒலிக்கும். எங்காவது தொலைபேசினால், 'சற்றுக் காத்திருங்கள்' என்று சொல்லிவிட்டு அதைப் போட்டுவிடுவார்கள். விமான நிலையத்தில் பெட்டிக்காக நிற்கும்போது தலைக்கு மேலிருந்து சொட்டும். 'ஒயிட் கிறிஸ்துமஸ்'. பாட்டின் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் கிடையாது. மிகவும் பிடித்த பாட்டு அது. அதனால்தான் இத்தனை எரிச்சல். ஒவ்வோர் ஆண்டும் யாராவது அதைப் புதிதாகப் பாடி, 'கவர்' என்று வெளியிட்டுவிடுகிறார்கள். ஒருவர் ஜாஸ் தாளத்தில் துள்ளவிடுகிறார். இன்னொருவர் ஒரே சொல்லை ஏழெட்டுச் சுரங்களில் உருட்டி மாடிப்படி ஏறி இறங்குகிறார். காதில் ரகசியம் சொல்வதுபோல வெறும் மூச்சுக்காற்றாலேயே பாடி முடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பி 1942இல் பாடி முடித்துவிட்ட பாட்டை மறுபடி எதற்குப் பாட வேண்டும் என்பதே என் கட்சி. இருபது ஆண்டுகளாக அந்தக் கட்சிக்கு நானே தலைவர், நானே தொண்டர்.

வெறும் பிடிவாதம் என்று நினைத்துவிட வேண்டாம். என்னிடம் காரணங்கள் இருந்தன, கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன். கேட்காவிட்டாலும் பேசுவேன். எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பாட்டில் இருப்பதே 54 சொற்கள். தொடக்க வரியில் பெரிய தாவல் எதுவும் கிடையாது. மெட்டு ஒரு சுரத்தில் நிற்கிறது, மேலே பக்கத்துச் சுரத்தைத் தொட்டுத் திரும்புகிறது, கீழே ஓர் அரைச்சுரம் இறங்கிப் பார்க்கிறது, பிறகு அரைச்சுரம் அரைச்சுரமாக மேலே ஏறுகிறது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பவரின் நடை. அடிகள் அத்தனை நெருக்கமாக இருப்பதால், அதற்குள் இன்னொரு நெளிவைத் திணித்தால் எது இசையமைப்பாளருடையது, எது பாடகருடையது என்பதே தெரியாமல் போய்விடும். கடைசியில் ஒரு வாழ்த்து வருகிறது. உங்கள் நாட்கள் மகிழ்ச்சியும் ஒளியுமாக இருக்கட்டும் என்று. அந்த 'ஒளி'யை ஒட்டி, அதுவரை தெளிந்த சாயலில் மேஜராக இருந்த சுரக்கூட்டு, சோகச் சாயலுள்ள மைனருக்குச் சாய்ந்துவிடும். வாய் வாழ்த்திக்கொண்டிருக்கும்போதே அடியில் வாத்தியங்கள் தலையைக் குனிந்துகொள்கின்றன. கிராஸ்பி அந்த இடத்தைக் கவனிக்காதவர்போலக் கடந்துபோவார். மனதில் உள்ளதைக் காட்டிக்கொள்ளாமல் வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டுப் போகிறவர் மாதிரி. பின்னால் வந்தவர்களில் பலர் சரியாக அங்கேதான் குரலைக் குழைத்துக் கண்ணைத் துடைத்துக் காட்டுகிறார்கள். எனக்கு அடிவயிற்றிலிருந்து எரியும்.

பெயரில்லாத இரண்டு கோப்புகள்

என் அக்காவின் கணவருக்கு ஒரு பொழுதுபோக்கு உண்டு. பழைய 78 சுற்று இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றி, கரகரப்பை நீக்கி, தேதி எழுதி அடுக்கி வைப்பார். அவருக்கு இசையைப் பற்றிக் கருத்து என்று எதுவும் கிடையாது; காது மட்டும் உண்டு. கருத்து முழுவதும் என்னிடம் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு டிசம்பர் இரவு குடும்பமாகக் கூடியிருந்தோம். அக்கா மகளின் கைபேசியில் யாரோ ஓர் இளம் பாடகி 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பாடிக்கொண்டிருந்தார். நான் வழக்கமான சொற்பொழிவைத் தொடங்கினேன். அசலின் அருமை, நகலின் சிறுமை, அரைச்சுரம், மைனர் எல்லாம் வந்தன. "எனக்கு இது பிடித்திருக்கிறது, மாமா" என்று சொல்லிவிட்டு அவள் ஒலியைக் கொஞ்சம் கூட்டினாள். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை என் கைபேசிக்கு இரண்டு ஒலிக்கோப்புகள் வந்திருந்தன. பெயர் கிடையாது, ஒன்று, இரண்டு என்று எண் மட்டும். கீழே ஒரு வரி: "மாப்பிள்ளை, இதில் அசல் எது என்று சொல்லுங்கள்."

இதைவிட எளிதான தேர்வை நான் எழுதியதில்லை. இரண்டாவது கோப்பு தொடங்கிய உடனேயே தெரிந்துவிட்டது. புல்லாங்குழல்கள், அவற்றோடு பியானோபோலக் கட்டைகள் உள்ள செலஸ்டாவின் கண்ணாடிமணிச் சிதறல். இருபது ஆண்டுகளாக என் டிசம்பரைத் திறந்துவிட்ட சாவி அது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதல் கோப்பில் அந்தத் தொடக்கம் இல்லை. குரல் கிராஸ்பியுடையதுதான், சந்தேகமில்லை. பின்னால் கோரஸும் உண்டு. ஆனால் வாசற்படியே இல்லாத வீட்டுக்குள் திடுக்கென்று நுழைந்துவிட்டதுபோல ஒரு வெறிச்சோட்டம். குரலும் எனக்குப் பழகிய இடங்களில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. நான் பதில் எழுதினேன். "இரண்டாவதுதான் அசல், அத்தான். முதலாவது 'ஹாலிடே இன்' படத்துக்காகத் தனியாகப் பாடியதாக இருக்கலாம். இல்லாவிட்டால் பிற்காலத்தில் ஏதாவது வானொலி நிகழ்ச்சிக்கு ஒப்பேற்றியிருப்பார். பாடும் விதத்திலேயே தெரிகிறது, ஈடுபாடு இல்லை." சொல்லுக்குச் சொல் இங்கே தர முடிகிறது, ஏனென்றால் அந்தச் செய்தி இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. அழிக்கக் கை வரவில்லை.

மாலையில் அத்தான் அழைத்தார். குரலில் வெற்றிக்களிப்பு எதுவும் இல்லை. அவருக்கு அது வராது.

"படத்தில் அது இருவர் பாடுகிற பாட்டு, மாப்பிள்ளை. நடிகை மார்ஜரி ரெனால்ட்ஸுக்கு மார்த்தா மியர்ஸ் என்பவர் குரல் கொடுத்திருக்கிறார். நான் அனுப்பியதில் அந்தப் பெண் குரல் எங்கே?"

"அப்படியானால் வானொலிப் பதிவு."

"அதுவும் இல்லை. 1942 மே 29, லாஸ் ஏஞ்சல்ஸ், டெக்கா நிறுவனத்துக்காகப் பாடியது. ஈடுபாடு இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் அசல்."

"இரண்டாவது?"

"1947 மார்ச்."

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதையும் அவர்தானே பாடினார்?" என்று கேட்டேன். கேட்கும்போதே அது எத்தனை பலவீனமான வாதம் என்று எனக்கே தெரிந்தது.

"அவரேதான். அவருடைய பாட்டுக்கு அவரே கவர்" என்று சொல்லிச் சிரித்தார் அத்தான்.

தேய்மானம்

காரணம் மிகவும் சாதாரணமானது. 1942 அக்டோபர் இறுதியில் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் உச்சிக்கு ஏறிய அந்த இசைத்தட்டு 11 வாரங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தது. 1945இலும் 1946இலும் மறுபடி உச்சியைப் பிடித்தது. அந்தக் காலத்தில் பாடகர் பாடப்பாட, ஓர் ஊசி மென்மையான தட்டில் பள்ளம் கீறும். அந்தத் தட்டிலிருந்து உலோகத்தில் ஓர் எதிர்ப்படி எடுப்பார்கள், அதுதான் மாஸ்டர். அதிலிருந்து ஒரு நேர்ப்படி. அதற்குத் தொழிலில் 'தாய்' என்றே பெயர். தாயிலிருந்து அச்சுத் தகடுகள். அச்சுத் தகட்டை அழுத்தி அழுத்தித்தான் கடைக்குப் போகும் தட்டுகளை வார்ப்பார்கள். அச்சுத் தகடு தேய்ந்தால் தாயிடம் போகலாம். தாய் கெட்டுப்போனால் அதற்கு மேலே உள்ளதிடம் போக வேண்டும். கேட்பவர்கள் பெருகப் பெருகத் தேய்மானம் ஒவ்வொரு படியாக மேலேறி, கடைசியில் மாஸ்டரையே தொட்டுவிட்டது. அளவுக்கு மீறி நேசிக்கப்பட்டதால் ஒரு பொருள் அழிந்துபோவதை நான் குழந்தைகளின் பொம்மைகளில்தான் பார்த்திருக்கிறேன். 1947இல் வேறு வழியில்லாமல் அதே ஜான் ஸ்காட் டிராட்டர் இசைக்குழுவையும், அதே கென் டார்பி கோரஸையும் கூட்டி, ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு பாடியதுபோலவே பாடும்படி கிராஸ்பியைக் கேட்டுக்கொண்டார்கள். முடிந்தவரை பழைய பதிவைப்போலவே இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். என் சாவியான புல்லாங்குழலும் செலஸ்டாவும் அந்த முறைதான் தொடக்கத்தில் வந்து சேர்ந்தன.

அன்றிரவு இரண்டு கோப்புகளையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். பாட்டை விட்டுவிட்டு என் தீர்ப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும். 1942இல் கிராஸ்பிக்கு அது, ஒரு படத்துக்கு இசையமைப்பாளர் இர்விங் பெர்லின் எழுதிக்கொடுத்த பல பாட்டுகளில் ஒன்று. படத்திலிருந்து பெரிய வெற்றியாகும் என்று அவர்கள் எதிர்பார்த்தது ஒரு காதல் பாட்டை. 'ஒயிட் கிறிஸ்துமஸ்' பதிவு பதினெட்டே நிமிடங்களில் முடிந்தது என்று சொல்வார்கள். அந்த மனிதருக்குத் தான் என்ன பாடுகிறோம் என்று தெரியாது. தெரியாததால் வந்த இலேசைத்தான் நான் 'ஈடுபாடு இல்லை' என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். 1947இல் அவருக்கு எல்லாம் தெரியும். போர்முனையில் வீரர்களுக்கு முன்னால் நின்று அதைப் பாடியிருக்கிறார். அவர்களின் முகங்களைப் பார்த்திருக்கிறார். இப்போது தெரியாதவர்போலப் பாட வேண்டும். மனதில் உள்ளதைக் காட்டிக்கொள்ளாமல் வழியனுப்புகிறவர் என்று நான் புகழ்ந்தேனே, அது அந்த இரண்டாம் முறைக் குரலை. நான் அசல் என்று கொண்டாடியது, ஒருவர் தன்னையே நகலெடுத்ததில் இருந்த கவனம். இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அண்ணம் பிளந்த ஒரு காக்கை பாடியிருந்தாலும் அந்தப் பாட்டு வெற்றி பெற்றிருக்கும் என்று கிராஸ்பியே பின்னாளில் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. அசலின் பெருமையைப் பற்றி நான் ஆற்றிய உரைகளை அவர் கேட்டிருந்தால் பாதியிலேயே எழுந்து போயிருப்பார்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தகடு தேய்ந்ததால் கிராஸ்பி மறுபடி பாட நேர்ந்த அதே 1947இல்தான் அவர் காந்த ஒலிநாடாவுக்கு மாறினார். வாராவாரம் வானொலியில் நேரலையாகப் பாடுவது அவருக்கு அலுத்துவிட்டது. அக்டோபரிலிருந்து அவருடைய நிகழ்ச்சி நாடாவில் முன்கூட்டியே பதிவாகி ஒலிபரப்பானது. ஆம்பெக்ஸ் நிறுவனத்துக்கு 50,000 டாலர் கொடுத்து இயந்திரங்களையும் வரவழைத்தார். அமெரிக்க வானொலி நாடாவுக்கு மாறியதற்கு அந்தச் சோம்பல் ஒரு முக்கியமான காரணம்.

அவர் ஒருவர் மட்டும் இப்படி என்று நினைத்தால் அதுவும் தவறு. நாட் கிங் கோல் பாடிய 'த கிறிஸ்துமஸ் சாங்' இருக்கிறதே, அதை அவர் நான்கு முறை பதிவு செய்திருக்கிறார். 1946 ஜூனில் மூவர் குழுவாக, அதே ஆண்டு ஆகஸ்டில் வயலின்களோடு, 1953இல் ஒருமுறை, 1961இல் ஸ்டீரியோவில் ஒருமுறை. ஜூனில் பாடியது 1989வரை வெளிவரவே இல்லை. 'கோல் பாடிய அசல் மாதிரி வராது' என்று உருகுகிறவர்கள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருப்பது நான்காவதை. நானும் உருகியவன்தான்.

அசலுக்கும் முன்னால்

சரி, 1947 இல்லை, 1942தான் அசல் என்று கட்சிக் கொடியை ஐந்து ஆண்டுகள் பின்னால் கொண்டுபோய் நட்டுவிடலாம் என்று நினைத்தேன். அங்கேயும் மண் உறுதியாக இல்லை. கிராஸ்பி அந்தப் பாட்டை முதன்முதலில் மக்களுக்குப் பாடியது 1941 கிறிஸ்துமஸ் நாளில், வானொலியில். பேர்ள் ஹார்பர் தாக்கப்பட்டுப் பதினெட்டாவது நாள். அப்படியானால் அதுதான் அசல். அதற்கும் முன்னால் பெர்லின் இருக்கிறார். அவருக்கு இசைக்குறிப்பு எழுதத் தெரியாது. பியானோவில் பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளில்தான் வாசிப்பார். வேறு சுருதி வேண்டுமென்றால் அதற்கென்று செய்த பியானோவில் ஒரு நெம்புகோலைத் தள்ளிக்கொள்வார். அவர் பாடிக்காட்ட, ஹெல்மி கிரேசா என்ற உதவியாளர் தாளில் எழுதுவார். தாளில் இருப்பதே ஒருவர் கேட்டு எழுதியது. அசலைத் தேடிப் போனால் கடைசியில் ஒரு மனிதரின் தலைக்குள் போய் நிற்க வேண்டியிருக்கிறது, அங்கே யாருக்கும் அனுமதி இல்லை.

நம் இலக்கணக்காரர்கள் இந்தச் சிக்கலைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே யோசித்துவிட்டார்கள். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று மூன்றாகப் பிரித்தார்கள். முன்னோர் சொன்ன முடிவோடு ஒத்துப்போய், பின்னால் வருகிறவன் தனக்கு வேண்டிய வேறுபாட்டையும் சொன்னால் அது வழிநூல். இதில் எங்கேயும் வழிநூல் தாழ்ந்தது என்ற தொனி இல்லை. பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய செய்தி. அதை என் டிசம்பர் சிடுசிடுப்போடு சேர்த்துப் பார்க்க முப்பது ஆண்டுகள் பிடித்திருக்கிறது.

என்னை உண்மையில் உலுக்கியது பாட்டின் முன்பகுதி. பெர்லின் எழுதிய பாட்டு, நாம் கேட்கும் அந்த 54 சொற்களோடு தொடங்குவதில்லை. அதற்கு முன்னால் ஒரு சிறிய முகப்பு உண்டு. வெயில் அடிக்கிறது, புல் பச்சையாக இருக்கிறது, ஆரஞ்சு மரங்களும் பனைகளும் அசைகின்றன. பெவர்லி ஹில்ஸில் இப்படி ஒரு நாளைப் பார்த்ததே இல்லை. ஆனால் இன்று டிசம்பர் 24, நான் வடக்கே இருக்க ஏங்குகிறேன். அதன் பிறகுதான் கனவு வருகிறது. இந்த முகப்பை எடுத்துவிட்டால் பாட்டு ஒரு வாழ்த்து அட்டை. சேர்த்தால், வசதியான, தவறான ஓர் ஊரில் மாட்டிக்கொண்டவர் எழுதும் கடிதம். முகப்பில் கொஞ்சம் கேலியும் இருக்கிறது; நீச்சல் குளத்துப் பணக்காரரின் ஏக்கம்தானே. அந்தக் கேலியிலிருந்து ஏக்கத்துக்கு வழுக்கி விழுவதில்தான் பெர்லினின் கைவண்ணம். ஐந்து வயதில், 1893இல், ரஷ்யப் பேரரசிலிருந்து கப்பலேறி வந்த யூதச் சிறுவன் அவர். 1928 கிறிஸ்துமஸை ஒட்டி, பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத மகனைப் பறிகொடுத்தவர். அவர் எழுதிய கிறிஸ்துமஸ் பாட்டு, கிறிஸ்துமஸ் இல்லாத இடத்திலிருந்து தொடங்கியதில் எனக்கு வியப்பில்லை. கிராஸ்பியின் இரண்டு பதிவுகளிலும் அந்த முகப்பு இல்லை. 1942இலும் இல்லை, 1947இலும் இல்லை.

எங்கே இருக்கிறது? நான் காது கொடுத்துக் கேட்காத கவர்களில். 1963இல் ஃபில் ஸ்பெக்டரின் தயாரிப்பில் டார்லீன் லவ் பாடிய பதிவை நான் பல முறை பாதியில் நிறுத்தியிருக்கிறேன். மத்தளமும் மணியும் கோரஸும் கலந்து, சுவர்போல எழும்பி நிற்கும் அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. அன்றிரவு முதல்முறையாக நிறுத்தாமல் கேட்டேன். நடுவில் அவர் பாடுவதை விட்டுவிட்டுப் பேசுகிறார். வெயில், புல், ஆரஞ்சு மரம், பனை. பின்னால் இத்தனை ஆர்ப்பாட்டம் நடந்துகொண்டிருக்க, ஒரு பெண் ஜன்னல் ஓரமாக நின்று யாரிடமோ சொல்வதுபோல அந்த வரிகளைச் சொல்கிறார். டார்லீன் லவ் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். அந்த வெயில் அவருக்கு வாடகை வெயில் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர் பாடிய ஒரு பாட்டு 'கிறிஸ்டல்ஸ்' என்ற வேறொரு குழுவின் பெயரில் வெளிவந்து, பட்டியலில் முதலிடத்துக்குப் போயிருந்தது. தன் குரலே இன்னொருவருடையதாக விற்கப்பட்டதைப் பார்த்துவிட்டு வந்தவர், இங்கே இன்னொருவருடைய பாட்டைத் தன் பெயரில் பாடுகிறார். அந்த இசைத்தட்டு வெளியான நாள் 1963 நவம்பர் 22. அன்று கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த ஆண்டு யாருக்கும் கிறிஸ்துமஸ் பாட்டு கேட்கும் மனநிலை இல்லை. 1967இல் பார்பரா ஸ்ட்ரைசாண்டும் முகப்போடு பாடினார். 1978இல் கேரன் கார்ப்பெண்டரும். பெர்லின் எழுதியதில் தொலைந்துபோன பக்கத்தை, நான் நகல் என்று ஒதுக்கியவர்கள்தான் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்கள்.

மணிச்சத்தம்

பெர்லினே என் கட்சிக்காரர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1957இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியபோது அவருக்கு வந்த கோபத்தில், அதை ஒலிபரப்ப வேண்டாம் என்று வானொலி நிலையங்களுக்கு ஆளைவிட்டுத் தொலைபேசச் செய்தார். பாவம் எல்விஸ். அந்தப் பாணி அவருடையதே இல்லை. 1954இல் டிரிஃப்டர்ஸ் குழு பாடிய விதத்தைத்தான் அவர் பின்பற்றினார். டிரிஃப்டர்ஸுக்கு முன்னால் 1948இல் ரேவன்ஸ் குழு, ஜிம்மி ரிக்ஸின் பாதாளக் குரலோடு ஒரு வழி போட்டுவைத்திருந்தது. ஆக, எல்விஸ் பாடியது கவருக்குக் கவருக்குக் கவர். டிரிஃப்டர்ஸ் பதிவைப் பற்றி என் கருத்து இப்போது தலைகீழ். பில் பிங்க்னியின் கனத்த குரல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கதை சொல்வதுபோலத் தொடங்கும். பாதியில் கிளைட் மெக்ஃபேட்டரின் உச்சக்குரல் உள்ளே பாய்ந்து வரும்போது, விளையாட்டுக்கு நடுவே யாரோ நிஜமாகவே அழுதுவிட்டதுபோல ஒரு கணம் திடுக்கிடும். பெர்லின் அதை உட்கார்ந்து கேட்டாரா என்று தெரியாது. கேட்டிருந்தால் எல்விஸைக் கொஞ்சம் மன்னித்திருப்பார் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு திருப்தி.

ஓடிஸ் ரெட்டிங் இன்னும் மோசம், என் விதிகளின்படி. நெளிவு கூடாது என்றேன்; அவர் எல்லா இடத்திலும் நெளிக்கிறார். கெஞ்சுகிறார், உடைகிறார், வரியை முடிக்காமல் விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கிறார். 1967 டிசம்பரில் விமான விபத்தில் அவர் இறந்த பிறகு, 1968இல் அது வெளிவந்தது. கேட்டால் ஒன்று விளங்கும்: அந்த மனிதருக்குப் பனி கிடைக்கப்போவதில்லை. அவருக்கும் அது தெரியும். கிராஸ்பி மூடிவைத்ததை அவர் திறந்து கொட்டுகிறார், அவ்வளவுதான். கொட்டுவது அதே பொருளை.

எனக்கு இன்னும் பிடிக்காத கவர்கள் ஏராளம். அதில் மட்டும் மனம் மாறவில்லை. ஆனால் ஏன் பிடிக்கவில்லை என்பதற்குக் காரணம் மாறிவிட்டது. பனி ஏற்கெனவே வந்துவிட்டதுபோலப் பாடுகிறார்கள். இது இல்லாத ஒன்றைப் பற்றிய பாட்டு. பாடுகிறவர் நிற்கும் இடத்தில் பனியும் இல்லை, பனிச்சறுக்கு வண்டியின் மணியும் இல்லை. அது கேட்காதா என்பதுதானே பாட்டே. தொடங்கும்போதே கிண்கிணி என்று மணியைக் குலுக்கிவிட்டால் பிறகு எதற்கு ஏங்க வேண்டும்? வந்துவிட்ட விருந்தாளியை வாசலில் நின்று கூப்பிடுவதுபோல இருக்கிறது. இந்தப் புதிய சித்தாந்தத்தை அத்தானிடம் பெருமையோடு சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்படியானால் 1947இல் அந்த செலஸ்டா?" என்றார்.

"அது செலஸ்டா, அத்தான்."

"எனக்கு மணிச்சத்தம்போலத்தான் கேட்கிறது, மாப்பிள்ளை."

போய்க் கேட்டுப் பார்த்தேன். மணிச்சத்தம்தான். நான் சாவி என்று சொன்ன அந்தத் தொடக்கம், அவர்களே இரண்டாம் முறை வந்து தூவிவிட்டுப் போன பனி. 1942இல் அந்த வீட்டுக்கு வாசற்படி இல்லை, வெளியே வெயில். வெறிச்சோட்டம் என்று நான் குறை சொன்னதுதான் பாட்டுக்குப் பொருத்தமான நிலை. இதை எல்லாம் புத்தியால் ஒப்புக்கொள்கிறேன். காது ஒப்புக்கொள்ள மறுக்கிறது. 1942ஐக் கேட்கும்போதெல்லாம், தொடக்கத்தில் இல்லாத புல்லாங்குழலுக்காக அது இன்னும் ஒரு கணம் காத்திருக்கிறது.

வியட்நாம் போரின் முடிவில், 1975 ஏப்ரல் 29 அன்று சைகோனில், வெளியேற வேண்டிய அமெரிக்கர்களுக்கு இந்தப் பாட்டுதான் ரகசியக் குறிப்பு. வானொலியில் வெப்பநிலை 105 டிகிரி ஃபாரன்ஹீட் என்று அறிவித்துவிட்டு இதைப் போடுவதாக ஏற்பாடு. கொளுத்தும் வெயிலில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹெலிகாப்டர் இருக்கும் இடத்துக்கு ஓடியவர்களில் ஒருவராவது 'இது 1942இல் பாடியதா, 1947இல் பாடியதா' என்று நின்று கேட்டிருப்பாரா? நான் அங்கே இருந்திருந்தால் கேட்டிருப்பேன் என்று அக்கா சொல்கிறாள். ஹெலிகாப்டரைத் தவறவிட்டிருப்பேனாம்.

இந்த ஆண்டும் அத்தானிடமிருந்து ஒரு கோப்பு வந்திருக்கிறது. வழக்கம்போலப் பெயர் இல்லை, எண்கூட இல்லை. ஒரு பெண் குரல், ஒரு பியானோ. வெயிலிலும் ஆரஞ்சு மரங்களிலும் தொடங்குகிறது. 'ஒளி'யை ஒட்டி அந்த மைனர் வரும் இடத்தில், அந்தப் பெண் பாடுவதை நிறுத்திவிட்டுப் பியானோவை மட்டும் போகவிடுகிறார். புதிய பதிவா, அறுபது ஆண்டு பழையதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பாட்டை நான்கு முறை கேட்டுவிட்டேன். பாடியது யார் என்று மட்டும் அத்தானிடம் இன்னும் கேட்கவில்லை.